விசாரிக்க வந்தவர்

போன வாரம் ஞானசௌந்தரியின் தலைமேல் அவள் மகளின் கையை வைத்து, அப்படியே நிறுத்திவிட்டு வந்துவிட்டேன். "ஒரு வாரமா அந்தப் பொண்ணு கையைத் தூக்கிக்கிட்டே நிக்கணுமா? உங்களுக்கு ஈவு இரக்கமே கிடையாதா?" என்று திருவேற்காட்டு வாசகி ஒருவர் காய்ச்சி எடுத்திருக்கிறார். நியாயம்தான் தாயே. இதோ, கையை இறக்கிவிட்டேன். சத்தியம் முடிந்தது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை.

கோவில்பதாகையில் குடியிருக்கும் வேதமுத்து, ஞானசௌந்தரி தம்பதிக்கு ஒரே மகள் ஜெயசீலி. பாலிடெக்னிக் முடித்தவள். பரீட்சை எழுதி, ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்கிற தொழிற்சாலையில் வரைபடம் போடும் வேலைக்குத் தேர்வாகிவிட்டாள். அந்தக் குடும்பத்தின் முதல் சர்க்கார் உத்தியோகம்! ஆனால் உத்தரவின் அடியில் ஒரு கொக்கி. போலீஸ் வந்து குடும்பத்தை விசாரித்து, இந்தப் பெண்ணை நம்பி நாட்டு ரகசியத்தைக் கொடுக்கலாம் என்று எழுதினால்தான் வேலை. இல்லையென்றால் அந்த உத்தரவைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி அழகு பார்க்க வேண்டியதுதான்.

அந்தக் கொக்கியில் மாட்டிக்கொண்டு தவித்தவர் வேதமுத்து. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். ஜெயசீலி ஆறாவது படிக்கும்போது, அப்போது வேலை பார்த்த கம்பெனியில் ஸ்டிரைக் நடத்தி, வாசலை மறித்து, ஜெயிலுக்குப் போனவர். லெந்து என்கிற நோன்புக் காலத்தில் உள்ளே போனவர் ஈஸ்டருக்கு முந்தின நாள்தான் வெளியே வந்தார். மகளிடம், அப்பா பம்பாய்க்குப் புது மெஷின் பழகப் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்தாள் ஞானசௌந்தரி. இன்றுவரை அந்தப் பம்பாய் அந்த வீட்டில் அப்படியேதான் இருக்கிறது.

அதனால்தான் சத்தியம். முதலில் ஞானசௌந்தரி வேதப் புத்தகத்தைத்தான் எடுத்தாள். மறைப்பதற்கு வேதத்தின்மேலேயே சத்தியமா என்று அவளுக்கே கூச்சமாகி, தன் தலையைக் கொடுத்தாள். "அப்பாவைப் பத்தி என்ன கேட்டாலும் அப்பா தங்கம்னு மட்டும் சொல்லு. வேற ஒரு வார்த்தை சொல்லக் கூடாது." ஜெயசீலி ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

இன்னொன்றும் உண்டு. விண்ணப்பத்தில், உன்னை நன்றாகத் தெரிந்த இரண்டு பேரின் பெயரைக் கொடு என்று கேட்டிருந்தார்கள். முதல் பெயர் போதகர் கிறிஸ்துதாஸ் ஐயா. இரண்டாவது, பள்ளிக்கூடத்து ராஜம்மா டீச்சர் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் ரிட்டயராகி மகள் வீட்டோடு வெளியூர் போய்விட்டது ஜெயசீலிக்கு மட்டும்தான் தெரியும். அந்த இடத்தில் யார் பெயரை எழுதினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததை அவளும் சொல்லவில்லை.

சரி. சனிக்கிழமை காலைக்கு வருவோம்.

"பக்கெட்டு எங்கடி?"

இடுப்பில் துண்டோடு குளியலறை வாசலில் நின்று வேதமுத்து கத்தினார்.

"கட்டிலுக்கு அடியில."

"பக்கெட்டு எதுக்குக் கட்டிலுக்கு அடியில படுத்திருக்கு?"

"செவப்பா இருக்குல்ல?"

வேதமுத்துவின் லேத் பட்டறையில் ஒரு மகராசன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "போலீஸ் வர்றப்போ யூனியன் வாடையே ஊட்ல அடிக்கக் கூடாது. செவப்பா எதுவும் கண்ணுல படக் கூடாது" என்று சொல்லியிருந்தான். ஞானசௌந்தரி அதைச் சிரமேற்கொண்டு சிவப்புத் துண்டு, சிவப்பு பக்கெட், சிவப்பு மூடி போட்ட ஊறுகாய் ஜாடி, தன்னுடைய கல்யாணப் பட்டு எல்லாவற்றையும் ஒளித்துவிட்டாள். ரசத்துக்கு வைத்திருந்த தக்காளிதான் பாக்கி.

"தக்காளியையும் ஒளிச்சு வைம்மா" என்று ஜெயசீலி சிரித்தாள்.

"சிரிடி. திங்கக்கிழமை ஜீப்பு வந்து நிக்கும்போது தெரியும்."

அதே மகராசன் சொன்னதுதான். ஜீப்பில் வருவார்கள், கூட இரண்டு கான்ஸ்டபிள் வருவார்கள், திங்கட்கிழமைதான் வருவார்கள். அவனுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்க இந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

குளித்து முடித்து, வேதமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு இரண்டாவது ஷிப்ட், நேரம் இருந்தது. "வா, இன்னொரு வாட்டி ஒத்திகை பாத்துடலாம். நான்தான் இன்ஸ்பெக்டர். பேரு?"

"ஜெயசீலி."

"சத்தமா! திருடின மாதிரி பேசாத. எங்க படிச்ச? எங்க குடியிருந்த? ஏதாவது கட்சி?"

"எதுவும் இல்ல சார்."

"உங்க அப்பா..." வேதமுத்து ஈரத் தலையை ஒருமுறை துவட்டிக்கொண்டார். "உங்க அப்பா எப்படிப்பட்ட ஆளு?"

"தங்கம் சார்."

அவர் எழுந்து சட்டை போடப் போய்விட்டார். சமையலறையில் மனைவியிடம் மெல்லச் சொன்னார். "போலீஸ்கிட்ட நானே எல்லாத்தையும் சொல்லிடுவேன் சௌந்தரி. எனக்கு அதுல பயம் இல்ல. புள்ள காதுல விழாம எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. இத்தனை வருஷம் என்னை அண்ணாந்து பாத்துட்டா. இனிமே எப்படிப் பாப்பா?"

"அதுக்குத்தான் சத்தியம் வாங்கினேன். நீங்க பேசாம இருங்க."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு டி.வி.எஸ். ஐம்பது வந்து நின்றது.

வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு தோல் பை, சட்டைப் பையில் இரண்டு பேனா. கதவருகே வந்து, "இது வேதமுத்து வீடுதானே?" என்றார் அந்த மனிதர்.

ஞானசௌந்தரி பையைப் பார்த்தாள். பேனாக்களைப் பார்த்தாள். முடிவு கட்டிவிட்டாள்.

"இன்சூரன்ஸ் எல்லாம் எடுத்தாச்சு. இப்ப ஒண்ணும் வேணாம், போய்ட்டு வாங்க."

"அம்மா, நான் வந்து..."

"அதான் சொல்றேன்ல! வீட்டுல ஆயிரம் வேலை கிடக்கு."

கதவு சாத்தப்பட்டது. வந்தவர் கோபப்படவில்லை. லேசாகச் சிரித்தபடி பக்கத்து வீட்டுப் பக்கம் நடந்தார். எப்படியும் அங்கேதான் முதலில் போயிருக்க வேண்டும் அவர்.

பக்கத்து வீடு அன்னம்மாளுடையது. அந்த ஊரிலேயே பிறந்து, அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். நிலம் நீச்செல்லாம் வீட்டு மனையாகிவிட்டாலும் இரண்டு எருமையை மட்டும் விடாமல் வைத்திருக்கிறாள். தெருவில் யார் வீட்டுக்கு எந்த மாப்பிள்ளை வீட்டார் வந்தாலும் முதலில் விசாரிப்பது அன்னம்மாளிடம்தான். இதுவரை அவள் வாயால் ஒரு வரன்கூடத் தட்டிப்போனதில்லை. அதில் அவளுக்குப் பெருமையான பெருமை.

"பக்கத்து வீட்டு ஜெயசீலியைப் பத்தி விசாரிக்கணும்" என்றார் வந்தவர்.

அன்னம்மாளின் முகம் பூரித்தது. சாணிக் கையை அவசரமாகக் கழுவினாள்.

"குந்து நைனா. மோர் குடிக்கிறியா? இன்னா கேக்கணுமோ தாராளமா கேளு."

"பொண்ணு எப்படி?"

"தங்கச் செல! குனிஞ்ச தல நிமிராது. வயசு இப்பத்தான் இருவது முடிஞ்சுது."

வந்தவர் ஒரு டைரியை எடுத்துக் குறித்துக்கொண்டார். எழுதிக்கொள்கிற மாப்பிள்ளை வீட்டாரை அன்னம்மாள் இதுவரை பார்த்ததில்லை. பெரிய இடம் போலிருக்கிறது என்று நினைத்து உற்சாகமாகிவிட்டாள்.

"வெளிநாட்டுல சொந்தக்காரங்க யாராவது உண்டா?"

இல்லை என்றால் எவன் மதிப்பான்? "இல்லாம? மாமங்காரன் ஒருத்தன் குவைத்துல கீறான். பொட்டி பொட்டியா அனுப்பிக்கினே இருப்பான்."

"ஓகோ. சொத்து?"

"வேலப்பன்சாவடியில மன கீது. அறுவது சவரனுக்குக் கொறையாம போடுவாங்க."

"ராத்திரி நேரத்துல ஆளுங்க வந்து கூட்டம் போடறது உண்டா?"

என்ன கேள்வி இது என்று அன்னம்மாளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வரன் முக்கியம். "கூட்டமா? ஜெபக் கூட்டம்தான். பாட்டு நல்லா கீது, நானே கேப்பேன்."

"அப்பா எப்படி? போலீஸ், கேஸுன்னு ஏதாவது?"

"சீச்சீ! ஸ்டேஷன் வாசப்படி மிதிக்காத மனுசன். பொண்ணு ஒரு ஆம்பளைய ஏறெடுத்துப் பாத்ததில்ல. தபாரு நைனா, மெய்யாலுமே சொல்றேன். அந்தப் பொண்ணு நம்ம கோயில்ல தேங்கா ஒடைக்கிற பொண்ணா பொறந்திருந்தா, எம் புள்ள பரந்தாமனுக்கு நானே எடுத்துனு வந்திருப்பேன். பூந்தமல்லி கரண்ட் ஆபீஸ்ல கீறான் எம் புள்ள."

வந்தவரின் பேனா நின்றது. "பரந்தாமன் உங்க பையனா?"

"ஆமா. நைட் டூட்டி. இப்ப வர்ற நேரந்தான்."

"அப்படியா" என்று சொல்லி அவர் ஒருமுறை பக்கத்து வீட்டைப் பார்த்தார்.

"இத்தையும் எழுதிக்கோ நைனா. இந்தப் பொண்ணு எந்த ஊட்டுக்கு வெளக்கேத்தப் போவுதோ, அந்த ஊடு குடுத்து வச்ச ஊடு."

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

மறுபடி ஜெயசீலி வீட்டுக் கதவு தட்டப்பட்டது. இந்த முறை திறந்தவர் வேதமுத்து.

"சப்-இன்ஸ்பெக்டர் தசரதன். ஸ்பெஷல் பிராஞ்ச். உங்க பொண்ணு வேலை விஷயமா விசாரிக்க வந்திருக்கேன்."

ஞானசௌந்தரி சமையலறை வாசலில் சிலையாகிவிட்டாள். "ஐயோ ஆண்டவரே, இன்சூரன்ஸ்காரர்!"

"பரவாயில்லம்மா. கால்வாசி வீட்டுல அப்படித்தான் சொல்லுவாங்க. மீதி வீட்டுல பாத்திரச் சீட்டுக்காரன்னு நெனைப்பாங்க." தசரதன் நாற்காலியில் உட்கார்ந்து பையைத் திறந்தார். "பயப்படாம உக்காருங்க ஜெயசீலி. தெரிஞ்சதைச் சொல்லுங்க, தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க. அவ்வளவுதான் இந்த விசாரணை."

ஜெயசீலி எதிரே உட்கார்ந்தாள். அவளுக்குப் பயத்தைவிட வேகம்தான் அதிகம். எத்தனை மாதமாகக் காத்திருந்த நாற்காலி இது!

"இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?"

"அம்பத்தூர்ல சார், ரயில்வே கேட் பக்கம். நான் எட்டாவது படிக்கிறப்போ இங்க வந்துட்டோம்."

"படிக்கும்போது ஊர்வலம், போராட்டம்னு ஏதாவது?"

"ஒரே ஒரு தடவை. பஸ் பாஸ் கேட்டு."

ஞானசௌந்தரி வாயைப் பொத்திக்கொண்டாள். இது அவளுக்கே புதுச் செய்தி.

"அரெஸ்ட் பண்ணாங்களா?"

"இல்ல சார். மழை வந்துடுச்சு, கலைஞ்சுட்டோம்."

தசரதன் மீசைக்குள் சிரித்தார். அப்புறம் டைரியின் பக்கத்தைத் திருப்பினார். சிரிப்பு நின்றது.

"வெளிநாட்டுல உறவினர் யாரும் இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

"ஆமா சார்."

"குவைத்துல ஒரு மாமா இருக்காராமே?"

ஜெயசீலி விழித்தாள். வேதமுத்து மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். "உனக்கு அண்ணன் தம்பி யாராவது இருக்கானா?"

"எங்க வீட்டுல நான் ஒத்தப் பொண்ணுன்னு உங்களுக்குத் தெரியாதா? தாலி கட்டினப்பவே எண்ணிப் பாத்திருக்கலாமே!"

"வயசு இருபத்து மூணுன்னு போட்டிருக்கீங்க. இருபதுதான்னு சொல்றாங்க. வேலப்பன்சாவடியில மனை இருக்குதாம். அறுபது சவரன் நகை இருக்குதாம். விண்ணப்பத்துல அதெல்லாம் காணோம்." தசரதன் நிமிர்ந்தார். "இங்க பாருங்கம்மா. எழுதிக் குடுத்ததும் ஊருல சொல்றதும் ஒத்துப் போகணும். போகலைன்னா, விவரங்கள் சந்தேகத்துக்குரியவைன்னு நான் எழுதியாகணும். அப்படி எழுதிட்டா வேலை அதோட போச்சு."

அறுபது சவரனா? இந்த வீட்டில் அம்மாவின் கழுத்தில் கிடப்பதைத் தவிர ஒரு குண்டுமணி கிடையாதே! "யார் சார் இப்படியெல்லாம் சொன்னாங்க?"

"அதை நான் சொல்லக் கூடாது."

அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கையில் பால் செம்போடு அன்னம்மாள் பின்வாசல் வழியாக உள்ளே வந்தாள். முகமெல்லாம் பல்.

"சௌந்தரி, மாப்ள ஊட்டுக்காரருக்குக் காப்பி போடப் பாலு வோணுமேன்னு இப்பத்தான் கறந்துகினு வரேன். இன்னா நைனா, பொண்ணு புட்ச்சுதா?"

முதலில் சிரித்தது ஜெயசீலிதான். அடக்க முடியாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அத்தை, இவர் போலீஸ்! என் வேலைக்கு விசாரிக்க வந்தவர்!"

செம்பிலிருந்து பால் கொஞ்சம் தளும்பியது.

"போலீஸா? ஐயையோ! காக்கி போட்டுனு வந்திருந்தா நான் ஏன் நைனா குவைத்துக்குப் போவப் போறேன்?"

"அப்ப நீங்க சொன்னதெல்லாம்?"

"கண்ணாலம் பேச வந்தவங்கிட்ட வயச உள்ளபடி எவ சொல்லுவா? மூணு வயசு கொறச்சேன். சவரனைக் கூட்னேன். அது பொய்யில்ல நைனா, அது வழக்கம்! உங்கூட்டுப் பொண்ணுக்கு யாராவது விசாரிக்க வந்தா, உம் பக்கத்து ஊட்டுக்காரியும் இதத்தான் சொல்லுவா."

தசரதனுக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் போலிருக்கிறது. மறுபேச்சுப் பேசாமல் பேனாவை எடுத்தார். குவைத்தை அடித்தார். மனையை அடித்தார். அறுபது சவரனை அடித்தபோது ஞானசௌந்தரி பெருமூச்சு விட்டாள். இல்லாத நகைதான், இருந்தாலும் போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

"இது ஒண்ணு இருக்கு" என்றார் தசரதன். "அப்பா ஸ்டேஷன் வாசப்படி மிதிக்காதவர்னு சொன்னீங்க. இதுவும் வழக்கமா?"

"அது மெய்யி நைனா. எனக்குத் தெரிஞ்சு..."

"நீங்க இருங்கம்மா." அவர் ஜெயசீலியைப் பார்த்தார். "உங்க அப்பா மேல எப்பவாவது கேஸ் இருந்ததா? உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க."

வேதமுத்து சட்டென்று எழுந்துவிட்டார். "சார், அதை நான் சொல்றேன். கொஞ்சம் வெளியில வாங்க..."

"உக்காருங்க. நான் கேட்டது அவங்களை."

ஜெயசீலி அம்மாவைப் பார்த்தாள். ஞானசௌந்தரி கண்ணாலேயே கெஞ்சினாள். தங்கம்னு சொல்லுடி. தங்கம்னு மட்டும் சொல்லு.

"எங்க அப்பா தங்கம் சார்" என்றாள் ஜெயசீலி.

ஞானசௌந்தரிக்கு உயிர் வந்தது.

"அந்தத் தங்கம் ஜெயிலுக்குப் போய்ட்டு வந்த தங்கம். நான் ஆறாவது படிக்கும்போது. அவர் கம்பெனியில மெஷின்ல சிக்கி ஒருத்தருக்கு விரல் போயிடுச்சு. போன விரலுக்கு ஒரு பதிலும் சொல்லாம அவரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதுக்காக எல்லாரும் வாசல்ல உக்காந்தாங்க. எங்க அப்பா முன்னாடி உக்காந்தார். போலீஸ் வேன்ல ஏத்திட்டுப் போனாங்க சார்."

ஞானசௌந்தரியின் கை தானாகப் போய் அவள் தலையைத் தொட்டுப் பார்த்தது.

"உனக்கு... உனக்கு யாரு சொன்னது கண்ணு?" என்றார் வேதமுத்து.

"என் கிளாஸ்ல செலின் இருந்தாளேப்பா, அவங்க அப்பாவும் அதே வேன்ல போனார். மறுநாளே சொல்லிட்டா. அப்புறம் நீங்க பம்பாய்லேருந்து வாங்கிட்டு வந்ததா ஒரு பென்சில் டப்பா குடுத்தீங்க. அது அடியில அம்பத்தூர் கடை சீட்டு ஒட்டியிருந்துச்சு."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்க பம்பாய்க் கடலைப் பத்தி எவ்வளவு நல்லா சொன்னீங்க! அலை எல்லாம் அடிச்சுக் காட்டினீங்க. எனக்காக இவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்றீங்களேன்னு இருந்துச்சு. எப்படிப்பா கேப்பேன்? அந்த டப்பாவுலதான் இன்னும் என் டிராயிங் பென்சில் எல்லாம் வெச்சிருக்கேன்."

வேதமுத்து அழுதார். மறைக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. இத்தனை வருடம் எதற்குப் பயந்தாரோ, அதை மகள் பென்சில் டப்பாவில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். அவர் எழுந்து போய் அவள் தலையில் கை வைத்தார். அந்த வீட்டில் அன்று யார் தலைக்கும் ஓய்வில்லை.

தசரதன் டைரியிலிருந்து நிமிர்ந்தார். "அந்தக் கேஸ் அப்பவே வாபஸ் ஆயிடுச்சு. ஃபைலைப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"தெரிஞ்சுகிட்டே ஏன் சார் கேட்டீங்க?" ஞானசௌந்தரிக்கு ஆத்திரமே வந்துவிட்டது.

"மறைக்கிறாங்களான்னு பாக்கத்தாம்மா. குடும்பம்னு இருந்தா ஏதாவது இருக்கத்தான் செய்யும். அதை மூடி மூடி வெச்சா, நாளைக்கு எவனாவது ஒருத்தன் வருவான். 'இதை வெளியில சொல்லிடுவேன், அந்த வரைபடத்தை எடுத்துக் குடு'ன்னு இவங்களை மிரட்டுவான். எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்தை வெச்சு எவன் மிரட்ட முடியும்?"

இந்த வார்த்தை ஜெயசீலிக்குள் எங்கேயோ போய்த் தைத்தது. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். தசரதனும் பார்த்தார்.

"ஒரே ஒரு கேள்வி பாக்கி இருக்கு" என்றார் அவர், குரலைத் தணித்து. "நீங்க குடுத்த ரெண்டாவது பேரு சம்பந்தமா. வேணும்னா இதை வெளியில நின்னு தனியா கேக்கறேன்."

"ராஜம்மா டீச்சரைப் பத்தியா?" என்றார் வேதமுத்து கண்ணைத் துடைத்தபடி.

ஜெயசீலி ஒரு மூச்சு இழுத்தாள். அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். செம்போடு நின்ற அன்னம்மாளைப் பார்த்தாள்.

"இங்கேயே கேளுங்க சார்."

"பரந்தாமன். மின்வாரியம், பூந்தமல்லி. நேத்து சாயந்தரம் அவரைப் பாத்தேன்."

"எம் புள்ளையா!" அன்னம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. "எம் புள்ள சொன்னா சர்க்காரு கேக்குமா? நல்லதாத்தான சொன்னான்?"

"நல்லதாத்தான் சொன்னார். எத்தனை வருஷமா பழக்கம்னு கேட்டதுக்கும் சொன்னார். என்ன மாதிரி பழக்கம்னு கேட்டேன். 'அதை ஜெயசீலி சொல்லட்டும் சார். அவங்க என்ன சொல்றாங்களோ, அதுதான் என் பதிலும்'னுட்டார்." தசரதன் பேனாவை டைரியின்மேல் வைத்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்லிவிடலாம். யாரும் குறை சொல்ல முடியாது, அது உண்மையும்கூட. அந்த ஒரு வார்த்தை ஜெயசீலியின் நாக்கு நுனிவரை வந்தது. அப்பாவின் கை இன்னும் அவள் தலையில்தான் இருந்தது.

"நாங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம் சார்."

சொல்லிவிட்டாள்! அப்பாடா!

தசரதன் குனிந்து அதை எழுதினார். டைரியின் பக்கத்தை ஊதிக் காயவைத்தார். "போதும். இனிமே உங்களை மிரட்ட எவன்கிட்டயும் ஒண்ணும் இல்ல. என் ரிப்போர்ட் நல்லபடியாத்தான் போகும்."

ஜெயசீலிக்கு வேலை கிடைத்துவிட்டது! ஆனால் பாருங்கள், இதைக் கேட்பதற்காகவே சிவப்பு பக்கெட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியவர்கள், அப்போது அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. ஞானசௌந்தரி சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வேதமுத்து மகளின் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்பது அவருக்கு ஞாபகம் இல்லையா, எடுக்க மனமில்லையா என்று எனக்கும் தெரியவில்லை. அன்னம்மாள் கையில் செம்பு ஒரு பக்கம் சரிந்து, பால் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

"அம்மா" என்று தசரதன் அவளைக் கூப்பிட்டார். "காலையில நீங்க சொன்னதுல வழக்கத்தை எல்லாம் அடிச்சாச்சு. கடைசியா நீங்களே எழுதிக்கச் சொன்ன ஒண்ணு மட்டும் மிச்சம் இருக்கு." டைரியைத் தூக்கிப் பிடித்து வாசித்தார். "'இந்தப் பொண்ணு எந்த ஊட்டுக்கு வெளக்கேத்தப் போவுதோ, அந்த ஊடு குடுத்து வச்ச ஊடு.' இது வழக்கமா, மெய்யா? அடிக்கட்டுமா, இருக்கட்டுமா?"

அன்னம்மாள் ஜெயசீலியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாவாடை கட்டிய காலத்திலிருந்து பார்க்கிற முகம். இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டது. நைட் டூட்டி முடிந்து பரந்தாமன் வந்துகொண்டிருந்தான். இந்த வீட்டு வாசலில் நிற்கும் டி.வி.எஸ். வண்டியை அவன் பார்த்துவிட்டான் போலிருக்கிறது. மணிச் சத்தம் நின்றுபோனது.

அன்னம்மாள் செம்பைத் தரையில் வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"பேனாவ மூடிடாத நைனா" என்றாள் வாசலைப் பார்த்தபடி. "அவன் உள்ள வரட்டும். அவன் மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்றேன்."